பழனிமலைச் சாரலின் வரலாறும் அவையேற்றமும்

கோடைக்கானலிற் குறிஞ்சியாண்டவர் திருக்கோயில் முன்றிலில் நின்று வடதிசை நோக்குவார்க்கு, மேகம் விலகிய பொழுதில், கீழே சமநிலத்திற் பழனித் திருமலை சிறியதொரு குன்றாய்க் காட்சி தரும். ஈழநாட்டுச் சேர். பொன்னம்பலம் இராமநாதரின் மனைவியாராகிய லீலாவதி அம்மையார் 1936-ஆம் ஆண்டில் எடுப்பித்த திருக்கோயில் அது. அக்கோயிற்கும் பழனிக்கும் இடையே கிடக்கும் மலைச்சரிவுகளிலும் அடிவாரத்தூர்களிலும் வரலாறு இன்னும் எழுதப்பெறாத கற்கள் பல உள. அவற்றைத் தேடிக் கண்டு கட்டுரை வரையும் இளைஞரும் இந்நாளிற் சிலர் உளர். அன்னார் அடியேனிடம் வந்து மனவருத்தத்தோடு கூறுவது ஒன்று உண்டு. “ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை விடுத்தோம். இதழாசிரியர் அதனை உடனே வெளியிட்டாரிலர். எம் பெயரை மறைத்து, எமக்குப் பெயரறிவியாத இருவர் மூவரிடம் அனுப்பிக் குற்றம் ஆராய்விக்கின்றார். இஃது எம்மை இழிவு செய்வதன்றோ?” என்பதே அது.

அன்று என்பதே எம் விடை. அம்முறை மேனாட்டார் புதிதாகக் கண்டதெனக் கருதுதலும் பொருந்தாது. இலண்டன் மாநகரத்து அரச கழகம் தன் ஆராய்ச்சி இதழைத் தொடங்கியது 1665-ஆம் ஆண்டில். கட்டுரைகளைத் துறைவல்லார்பால் விடுத்து அவர்தம் கருத்தை எழுத்தில் வாங்கும் வழக்கத்தை அக்கழகம் மேற்கொண்டதோ 1832-ஆம் ஆண்டளவில். நம் நாட்டில் நூலை அவையேற்றும் வழக்கு அதனினும் பழைமையுடையதென்பதை அன்பர்கள் நன்கறிவர்.

இறையனார் களவியலுரை கூறும் வரலாற்றை ஈண்டு நினைவுகூர்க. சங்கத்தார் ஒவ்வொருவரும் இறைவன் அருளிய நூற்கு உரை கண்டு, தத்தம் உரையே மெய்யுரை என்று கலாய்த்தனர். அவற்றை ஆராய்தற்கு அமர்த்தப்பெற்றவர் உருத்திரசன்மர் என்னும் ஐயாட்டைப் பிள்ளையார். அவரோ வாய் பேசாதவர். உரைத்தவர் மூத்தவரா இளையவரா, செல்வரா வறியரா என்பதை அவர் நோக்கினாரிலர். மெய்யுரை கேட்டவிடத்து மட்டும் மெய்ம்மயிர் சிலிர்த்துக் கண்ணீர் வார்ந்தனர். அப்பிள்ளையாரை முருகப்பெருமானாகவே கொள்வது நம்மவர் மரபு. ஆகவே உரையாசிரியர் பெருமையைக் கருதாது உரையை மட்டும் சீர்தூக்கும் பரிசோதகருள் முதல்வர், பழனியில் எழுந்தருளியிருக்கும் பெருமானேயாவர் என்னலாம்.

இன்னும் ஒன்று. கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றியபோது, முதற் செய்யுளின் முதற் புணர்ச்சிக்கே இலக்கண விதி யாது என்று அவையினர் வினவினர். அவ்வடி முருகன் எடுத்துக் கொடுத்தது என்பது வழிவழிச் செய்தி. அங்ஙனமாகவும், இறைவன் வாக்கு என்ற அளவில் அவை அமைந்திலது. விதி காட்டுக என்றது. வீரசோழியத்தினின்று விதி காட்டப்பெற்ற பின்னரே அமைந்தது. தடை எழுப்பினாரை நாத்திகர் என்று எவரும் இகழ்ந்திலர். இறைவன் எடுத்துக் கொடுத்த அடிக்கே விதி கேட்ட மரபில் வந்த நாம், நம் கட்டுரைக்குச் சான்று கேட்பாரைச் சினத்தல் தகுமோ?

இனி, சான்று கேளாது ஏற்றுக்கொள்வதால் விளையும் கேட்டை நம் சமயாசாரியர் வரலாற்றிலேயே காணலாம்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்டுத் தமிழின் தனிமையை உலகறியச் செய்த கால்டுவெல் ஐயர், தம் இறுதிநாட்களைக் கோடைக்கானலிற் கழித்து, 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அவ்வூரிலேயே காலமானார். மொழித்துறையில் அவர் செய்த உதவி மறக்கற்பாலதன்று. ஆயினும் காலவாராய்ச்சியில் அவர் பெரும்பிழை ஒன்று செய்தார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் ஆட்கொண்ட கூன்பாண்டியன், கூன் நிமிர்ந்தபின் சுந்தர பாண்டியன் எனப்பட்டான் என்பது புராண வழக்கு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வழிப்போக்கரும் சுந்தர பாண்டியன் என்னும் ஓர் அரசனைக் குறித்துள்ளார். பெயரொப்புமை ஒன்றே பற்றி ஐயர் இருவரையும் ஒருவராக்கினார். அதனாற் பிள்ளையார் காலம் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு கீழே தள்ளப்பட்டது. தேவாரம் இராசராச சோழற்கும் பிற்பட்டதென ஆகும் நிலை உண்டாயிற்று.

இப்பிழையைக் களைந்தவர் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள், மனோன்மணீயம் இயற்றியவர். அவர் வசையை நாடினாரிலர், சான்றையே நாடினார். பிள்ளையார் காலம்பற்றிய தம் ஆராய்ச்சியைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில் வெளியிட்டு அறிஞர் முன் வைத்தார். பின் 1895-இல் அதனைத் தனிநூலாகவும் ஆக்கினார். ஏழாம் நூற்றாண்டிற்குப் பிள்ளையாரைப் பிற்படுத்தல் இயலாதென்பது அவர் கண்ட முடிபு. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சாசனத்தில், திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரும், உடன் கொட்டுவார் இருவரும் ஆக ஐம்பதின்மர் நியமிக்கப்பெற்ற செய்தி கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கோயிலில் ஓதப்பெற்ற பதிகங்களை 13-ஆம் நூற்றாண்டினர் பாடினர் என்பது எங்ஙனம் பொருந்தும்? சிறுத்தொண்ட நாயனார் வாதாபியை அழித்த தண்டநாயகர் என்பதும், அப்படையெழுச்சி 642-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது என்பதும் பின்னர் இம்முடிபை உறுதிசெய்தன. இன்று உலகெங்கும் உள்ள அறிஞர் பிள்ளையாரை 7-ஆம் நூற்றாண்டினர் என்றே கொள்வர். நம் நம்பிக்கையை எதிராளி மதித்ததனாற் பெற்ற வெற்றியன்று இது. மறுக்கவொண்ணாச் சான்றினாற் பெற்றது.

இனிப் பழனிமலைக்கே வருவோம். மலைமேலுள்ள ஊர்களிற் பெருங்கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கல்திட்டைகள் பல உள. நாட்டு மக்கள் இத்தகையவற்றைப் பாண்டவர் வனவாசத்தில் இருந்த வீடென்றும், குள்ளர் வாழ்ந்த வீடென்றும் கூறுவர். செண்பகனூரில் 1895-ஆம் ஆண்டில் தோன்றிய திருவிருதயக் கல்லூரியைச் சார்ந்த சேசுசபைத் துறவியரான ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இருவர், அவற்றை நேரிற் கண்டு, அளந்து, படம் வரைந்து, 1928-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் 36-ஆம் ஆராய்ச்சி வெளியீடாக உலகுக்கு அளித்தனர். அத்திட்டைகளுட் பல இன்று சிதைந்துவிட்டன. கல் அழிந்த இடத்தும் அளவு அழியவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதி அறிஞரவையில் வைத்ததன் பயன் இஃதாம். அவர் சமயம் வேறு. நம் சமயம் வேறு. ஆயினும் நம் மலையின் முன்னோர் ஈமத்தை அவர்கள் பேணியது போல நம்மவர் அந்நாளிற் பேணினாரிலர் என்பதை நாணத்தோடு ஒப்பவேண்டும்.

மலையடிவாரத்திற் பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது பொருந்தல் என்னும் ஊர். மயிலுக்குப் போர்வை அளித்த வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட நாடு இதுவெனின், அன்பர்கள் உளம் மகிழ்வர். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் அங்கே 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் அகழாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றில் நான்குகாற் சாடியொன்றில் இரண்டு கிலோ அளவு நெல்லும், ‘வய்ர’ என்று தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. அந்நெல்லை அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடம் கரிமக் கணிப்புச் செய்து, கி. மு. 490 என்று காலம் உரைத்தது. அசோகனுக்கு முன்பே தமிழ்நாட்டில் எழுத்து வழங்கியது என்று பலரும் களிகூர்ந்தனர்.

அப்பொழுது அவையில் தடை எழுந்தது. ஒரே கணிப்பைக்கொண்டு முடிபு கட்டுதல் அரிதென்றார் ஐராவதம் மகாதேவன், எ. சுப்பராயலு இதனைக் கருதுகோள் என்ற அளவிலேயே கொள்ளலாம் என்றார். இவ்விருவரும் தமிழுக்குப் பகைவரோ? பிராமிக் கல்வெட்டாராய்ச்சியிலும் சோழர் கல்வெட்டாராய்ச்சியிலும் வாழ்நாளைச் செலவிட்டோர் அவர். தடை கேட்ட இராசனாரும் பூசலிட்டாரிலர். பொருந்தலின் இரண்டாம் நெற்சான்று கி. மு. 450 என வந்தது. அதனையும் கொடுமணல் அகழாய்வுக் கணிப்புக்களையும் சேர்த்துப் ‘பிராக்தாரா’ என்னும் தொல்லியல் ஆய்விதழில் வெளியிட்டனர். தடைக்கு விடை மேலும் ஒரு சான்றே என்பது இதனாற் புலனாகும். வழக்கு இன்னும் முற்ற முடிந்திலது. ஆயினும் அது நடக்கும் நெறி செந்நெறியாம்.

பிறர் கதையே கூறித் தன் கதையை மறைத்தல் நேர்மையன்று. ஆதலின் அடியேன் பட்டதையும் கூறுவேன்.

முப்பது ஆண்டுகட்கு முன், இம்மலைச்சாரற் சிற்றூர் ஒன்றிலுள்ள சிவாலயத்தைப்பற்றிக் கட்டுரை ஒன்று வரைந்தேன். கூன்பாண்டியன் அங்கே வழிபட்டுத் திருவிளக்குக்கு நிலம் விட்டான் என்பது ஊரார் வழங்கிவந்த செய்தி. கோயிற் கல்லொன்றிற் சுந்தர பாண்டியன் பெயரும் உண்டு என்று, முதியவர் ஒருவர் தம் கையேட்டிற் பெயர்த்தெழுதியதைக் காட்டினார். எனக்கு அதுவே போதுமாயிற்று. பிள்ளையார் காலத்துத் தானம் என்று முடிபு செய்து, ஓர் ஆராய்ச்சி இதழுக்கு விடுத்தேன். நான்கு திங்கள் கழித்துக் கட்டுரை திரும்பியது. பெயரறியாத பரிசோதகர் மூன்று வினா எழுதியிருந்தார். “கல்லைத் தாங்கள் நேரிற் கண்டீர்களா? எழுத்து வட்டெழுத்தா, தமிழெழுத்தா? சாசனத்தின் முதல் வரி யாது?”

சினத்தோடு நீண்டதொரு மறுப்பு வரைந்தேன். அதனை அஞ்சலிற் சேர்க்குமுன், ஏதோ ஒன்று உள்ளத்தைத் தடுக்க, சாசனப் பயிற்சியுடைய நண்பரை அழைத்துக்கொண்டு அவ்வூர் சென்றேன். கல்லின் மேற்பாதி சுண்ணாம்பில் மறைந்து கிடந்தது. கழுவி மைப்படி எடுத்தோம். கையேட்டில் இல்லாத முதல் வரி வெளிப்பட்டது. கோச்சடைபன்மர் என்றும், திரிபுவனச் சக்கரவர்த்திகள் என்றும் அதில் இருந்தது. எழுத்தோ பிற்காலத் தமிழெழுத்து. அவ்விருது கூன்பாண்டியன் காலத்து வழக்கன்று. 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்க்கு உரியது. பெயரொப்புமையாற் கால்டுவெல் ஐயர் பிள்ளையாரை அறுநூறு ஆண்டு கீழே இறக்கினார். அதே பெயரொப்புமையால் யான் ஒரு தானத்தை அறுநூறு ஆண்டு மேலே ஏற்றினேன். அவர் பிழையை வகுப்பில் எத்தனை முறை எள்ளியிருப்பேன்! எழுதிய மறுப்பைக் கிழித்தெறிந்தேன். திருத்திய கட்டுரை பாதியளவாய்ச் சுருங்கி அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஊர்ப்பெரியோர் சிலர், கோயிலின் பெருமையைக் குறைத்துவிட்டீர் என்று நெடுநாள் என்னோடு பேசாதிருந்தனர். அது வருத்தமே. ஆயினும் கல்லில் உள்ள அரசன் பெயரைப் பொய்யாக மாற்றியா சிவபிரானுக்குப் பெருமை தேடவேண்டும்?

சிவஞானசித்தியார் அளவையிலக்கணம் கற்ற நமக்கு வழி தெரியாமலில்லை. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனையும் ஒன்றனிடத்தில் மற்றொன்றை வையாது வழங்குதலே வேண்டுவது. கல்லும் செம்பும் ஓலையும் காட்சி. அவற்றினின்று காலமும் தொடர்பும் உய்த்துணர்வது கருதல். தலபுராணமும் ஊர்வழக்கும் உரை. ஆகமத்தை உரையளவை என்பது போலத் தலபுராணத்தையும் கொள்ளலாமோ எனின், வீடுபேற்று நெறிக்கு ஆகமம் அளவை. ஓர் அரசன் ஆண்டினைக் கணித்தற்குக் கல்லே அளவை. தலபுராணத்தைத் தள்ளுக என்பதன்று எம் கருத்து. அதனைத் தலபுராணம் என்றே குறித்து எழுதுக. சாசனச் செய்தியோடு கலவற்க என்பதே. மயங்க வைத்தலை நன்னூலாரும் நூற்குற்றம் பத்தனுள் ஒன்றாக வைத்தார்.

இன்றைய பரிசோதனை முறையிற் குறையே இல்லை என்று கூறேம். ஆங்கிலத்தில் எழுதவல்லார்க்கே பல இதழ்களின் கதவு திறக்கின்றது. திருமுறைப் பயிற்சி சிறிதுமில்லாதார் திருமுறைக் கட்டுரையைச் சீர்தூக்குவதும் உண்டு. விடை வர ஆண்டு கழிவதும் உண்டு. இவற்றிற்கு மருந்து அவையை வெறுத்தலன்று. நம் மொழியிலேயே நல்லவை அமைத்தலாம். தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் ‘ஆவணம்’ என்னும் இதழ், புதிதாகக் கண்ட சாசனங்களைத் தமிழிலேயே வாசகத்தோடு வெளியிட்டு வருகின்றது. சைவத் திங்களிதழ்களும், வரலாற்றுக் கட்டுரை வருங்கால், திருமுறை வல்லார் ஒருவர்க்கும் சாசனம் வல்லார் ஒருவர்க்கும் காட்டிய பின்னரே அச்சேற்றுதல் நன்று.

பழனிமலைச் சாரலில் ஆராயப் புகும் இளைஞர்க்கு ஒன்று கூறி அமைவேன். காலந் தாழ்த்தற்க. திருப்பணி என்னும் பெயரால் மணல்வீச்சுக்கு ஆட்பட்ட கல்லில் எழுத்துத் தேய்ந்தபின், பரிசோதகர் வினாவுக்கு விடை கூற எக்கல்லும் இராது. கல்லை நேரிற் காண்க; முதல் வரியினின்று படிக்க; மைப்படி எடுக்க; கண்டதனையே எழுதுக. திரும்பி வந்த கட்டுரையைக் கண்டு சோராது, மறுப்பு வரைதற்கு முன் மீண்டும் ஒருமுறை அக்கல்லின் முன் சென்று நிற்க.

சிவம்.