தரவுப் பாதுகாப்புக் கருவிகளின் சிதறல்

தரவுப் பாதுகாப்புக் கருவிகளின் சிதறல் என்பது, ஒரு நிறுவனம் தன் கணக்குகள், வரைபடங்கள், மின்னஞ்சல்கள் முதலியவற்றைக் காக்க, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல மென்பொருள்களையும் சேவைகளையும் பயன்படுத்தும் நிலை. நகல்கள் பலவாக இருப்பது பாதுகாப்பு. அவற்றை எடுக்கும் கருவிகளை மொத்தமாகக் கண்காணிக்க ஆளில்லாமல் போவது குறைபாடு. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்களுக்கும் இது பொருந்தும்.

பின்னணி

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கப்பட்டது. வாகன உதிரிபாகம், சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டு இயந்திர) வேலை, வார்ப்பு எனப் பல கூடங்கள் இங்கு இயங்குகின்றன. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளது. பெரிய நிறுவனங்களுக்குப் பாகங்கள் செய்து தரும் கூடம், தன் கணக்கோடு வாடிக்கையாளரின் வரைபடங்களையும் காக்க வேண்டியுள்ளது.

உருவாகும் விதம்

கருவிகள் பெரும்பாலும் திட்டமிட்டு வாங்கப்படுவதில்லை. தேவை எழும்போது ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. டேலி கணக்குக்கு வெளி ஹார்டு டிஸ்க், வரைபடங்களுக்கு வலையமைப்புச் சேமிப்பகம், மின்னஞ்சலுக்கு மேகச் சேவை, கணினிகளுக்குத் தனி ஆன்டிவைரஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்து சேரும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற பேரிடர்களுக்குப் பின் இன்னொன்று கூடும், பழையது நீக்கப்படாது.

குறைபாடுகள்

*சத்தமில்லாத தோல்வி:* நகலெடுப்பு நின்றுபோனாலும் எச்சரிக்கை யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குப் போகும்.

*இடைவெளி:* கணக்குப் பிரிவு காக்கிறது என்று வடிவமைப்புப் பிரிவும், வடிவமைப்புப் பிரிவு காக்கிறது என்று கணக்குப் பிரிவும் நம்பியிருக்க, சிஎன்சி நிரல்கள் எதிலும் சேராமல் விடுபடலாம்.

*பொருந்தாத மீட்பு:* நேற்றிரவுக் கணக்கும் போன வாரச் சரக்கிருப்பும் மீண்டால், விலைப்பட்டியலும் கிடங்கும் ஒத்துப்போகாது.

*கூடுதல் நுழைவாயில்கள்:* ஒவ்வொரு கருவிக்கும் நிர்வாகக் கடவுச்சொல் உண்டு. புதுப்பிக்காமல் விட்ட ஒன்றே ரான்சம்வேர் நுழையப் போதும்.

*செலவு:* உரிமக் கட்டணங்கள் வெவ்வேறு தேதிகளில் வருகின்றன. கோளாறு நேர்ந்தால் ஒரு விற்பனையாளர் மற்றவரைக் கைகாட்டுவார். முழுநேரக் கணினி ஊழியர் இல்லாத கூடத்தில் இந்தச் சுமை உரிமையாளர் மேல் விழுகிறது.

கிட்லேப் நிகழ்வு

சத்தமில்லாத தோல்விக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்தார். அங்கு ஐந்து விதமான நகலெடுப்பு, பிரதியெடுப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. மென்பொருள் பதிப்பு மாறுபாட்டால் தினசரி நகலெடுப்பு தோற்றிருந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் அஞ்சல் வழங்கியால் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு நகலே உதவியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு நிரந்தரமாக இழக்கப்பட்டது.

சட்டக் கடமைகள்

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுக் குறிப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். குறிப்புகள் பல கருவிகளில் சிதறிக் கிடந்தால் அந்த 6 மணி நேரம் தேடுவதிலேயே கழியும். மின்னணு முறையில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவிலுள்ள வழங்கியில் நாள்தோறும் நகல் வைக்க வேண்டும் என்பது 2022-இல் திருத்தப்பட்ட விதி.

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடு தவறினால் ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. நோக்கம் முடிந்த தனிநபர் தரவை, வேறு சட்டத் தேவை இல்லாதபோது அழிக்கவும் சொல்கிறது. நகல்கள் எங்கெங்கே உள்ளன என்று தெரியாத நிறுவனத்தால் அவற்றை முழுமையாக அழிக்க இயலாது.

மாற்றுக் கருத்து

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பதும் ஆபத்தில்லாதது அன்று. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதே ஆண்டு மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பர் கூகுளிடம் வைத்திருந்த தனியார் மேகம் தவறுதலாக நீக்கப்பட்டபோது, வேறொரு நிறுவனத்திடம் இருந்த நகல்களும் மீட்புக்கு உதவின.

ஆகவே மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்னும் 3-2-1 விதி இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது. வெள்ள அபாயமுள்ள சென்னைப் புறநகர்களில் வெளியிட நகல் கட்டாயத் தேவை. அத்துடன் எல்லா நகல்களுக்கும் ஒரே பட்டியல், ஒரே பொறுப்பாளர், குறித்த கால இடைவெளியில் மீட்டுப் பார்க்கும் ஒத்திகை ஆகியவை அமைந்தால், சிதறலால் வரும் குறைகளில் பெரும்பாலானவற்றைப் புதிய கருவி எதையும் வாங்காமலே தவிர்க்கலாம்.