எண்ணிப் பார்த்தார்களா?

ஆணுக்கு எத்தனை பற்கள்? பெண்ணுக்கு எத்தனை பற்கள்? எல்லாம் முளைத்த வாயில், ஆணாயினும் பெண்ணாயினும், 32 பற்கள் உண்டு என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் உலகம் போற்றும் பேரறிஞர் அரிஸ்டாட்டில், கி.மு. நான்காம் நூற்றாண்டில், ஆணைவிடப் பெண்ணுக்குப் பற்கள் குறைவு என்று எழுதி வைத்தார். மனைவியை ஒருமுறை வாய் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராதே என்று இருபதாம் நூற்றாண்டின் அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் நகையாடினார்.

நகைப்பதோடு நாம் நின்றுவிடலாமா? எண்ணாமல் எழுதியது ஒருவரின் பிழை. எழுதியவர் பெரியவர் என்பதற்காக எண்ணாமலே நம்பியது பல தலைமுறைகளின் பிழை. வாயையும் தொண்டையையும் மனிதன் அறிந்துகொண்ட வரலாறு, இந்த இரண்டாம் பிழையோடு நடந்த போராட்டத்தின் வரலாறே ஆகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்தவர் காலன் என்னும் கிரேக்க மருத்துவர். குரல் நெஞ்சிலிருந்து வருகிறது, ஆகவே சிந்தனையின் இருப்பிடமும் இதயமே என்று அந்நாளில் அறிஞர் பலர் வாதிட்டனர். காலன் சொல்லால் மட்டும் மறுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே, கத்திக்கொண்டிருந்த ஒரு பன்றியின் கழுத்தைத் திறந்து, குரல்வளைக்குச் செல்லும் மெல்லிய நரம்புகளை நூலால் கட்டினார். கத்தல் நின்றது. கட்டை அவிழ்த்தார். கத்தல் மீண்டது. குரலை ஆள்வது இதயமன்று, மூளை என்பதைக் கண்டோர் கண்டனர்.

கண்ணால் கண்டு சொன்ன அந்தக் காலனையே பின்வந்தோர் கண்மூடி வணங்கினர் என்பதுதான் கொடுமை! மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அன்றைய ரோமில் இல்லை. குரங்கிலும் பன்றியிலும் கண்டதை மனிதனுக்கும் பொருத்தினார் காலன். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார். பல நூற்றாண்டுகள் அதுவே நம்பப்பட்டது. கல்லூரியில் ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து காலனின் ஏட்டைப் படிப்பார். கீழே நாவிதர் பிணத்தை அறுப்பார். ஏடு ஒன்று சொல்லும், உடல் வேறொன்று காட்டும். வென்றதோ ஏடு!

பதுவா நகரப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வெசாலியஸ் இருக்கையை விட்டு இறங்கினார். கத்தியைத் தாமே கையில் எடுத்தார். 1543-இல், 28 வயதில், உடற்கூறு பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். வளர்ந்த மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று அறிவித்தார். பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ் சீறினார். காலன் தவறவில்லையாம், காலனின் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டதாம்! ஏட்டைத் திருத்த மனமில்லாதவர்கள் மனிதனையே திருத்தத் துணிந்தார்கள்.

1741-இல் பிரெஞ்சு நாட்டு ஃபெரென், பிணத்திலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதினார். ஒலி பிறந்தது. உயிர் போன பின்னும் குரல்வளை ஒலித்தது என்றால், குரல் மாயமன்று, காற்றும் தசையும் செய்யும் வேலை என்பது விளங்கவில்லையா? ஒலித்த மடிப்புகளை யாழின் நரம்புபோல் கருதி, அவற்றுக்குக் குரல்நாண் எனப் பெயரிட்டார் அவர்.

ஆயினும் உயிருள்ள மனிதனின் குரல்நாணை நன்கு கண்டு விளக்கியவர் மருத்துவரல்லர், மானுவல் கார்சியா என்னும் இசையாசிரியர். 1854-இல், பல் மருத்துவர் கையாளும் சிறு கண்ணாடியைச் சூடாக்கித் தம் தொண்டைக்குள் வைத்தார். இன்னொரு கண்ணாடியால் கதிரவனின் ஒளியை உள்ளே பாய்ச்சினார். தம் குரல்நாண்கள் திறப்பதையும் மூடுவதையும் தாமே கண்டார். தொண்டை நோயைக் கண்டறிய மருத்துவர்க்கு வழி பிறந்தது.

இன்று நாம் அறிவது என்ன? நுரையீரலின் காற்று மூச்சுக்குழல் வழியே மேலேறி, குரல்நாண்களை ஆண்களில் நொடிக்கு ஏறத்தாழ நூறு முறையும், பெண்களில் இருநூறு முறையும் அதிரச் செய்கிறது. நாக்கும் பல்லும் இதழும் அண்ணமும் அந்த அதிர்வைச் சொல்லாக்குகின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலெழ, அதன் மூடி கவிந்து மூச்சுவழியைக் காக்கிறது. காவல் சற்றே தவறினால் புரையேறுகிறது. "யாரோ நினைக்கிறார்கள்" என்று தலையில் தட்டுகிறோமே, நினைத்தவர் எவருமில்லை, வழி தவறியது ஒரு பருக்கை!

நம் தொல்காப்பியமும் பிறப்பியலில், எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களில் எழுத்தொலியாவதை வகுத்துரைக்கிறது. உற்று நோக்கியவரின் கூற்று அது. பெருமை கொள்வோம். ஆனால் காற்று உந்தியிலிருந்து தோன்றும் என்பதை அப்படியே ஏற்க இயலாது. காற்றைத் தருவது நுரையீரல், உந்தித் தள்ளத் துணை நிற்பவை வயிற்றுத் தசைகள். நம் ஏடு என்பதற்காகச் சோதனையைக் கைவிட்டால், சில்வியசுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஏட்டுக்கு அடிமையானதால் விளைந்த கேடு தாடை எலும்போடு நின்றதா? இல்லை. பிறவியிலேயே காது கேளாதோர் பேச்சற்றோராகவும் இருப்பர் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அவர்களுக்குக் கல்வியே ஏறாது என்று அதை நீட்டிப் பொருள் கொண்டனர் பின்வந்தோர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பொன்சே, காது கேளாத சிறுவர்க்கு எழுத்தும் பேச்சும் கற்பித்து அதைப் பொய்யாக்கினார். பின்னர் 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகைமொழி பள்ளியில் கூடாது என்று தீர்மானித்தது. கூடியவரில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள்! மனைவியின் பல்லை எண்ணாமல் எழுதியவர் போலவே, காது கேளாதோரைக் கேளாமல் முடிவு செய்தனர். 130 ஆண்டுகளுக்குப் பின், 2010-இல் வான்கூவர் மாநாட்டில்தான் அத்தீர்மானம் நிராகரிக்கப்பட்டது.

"ஊமை, முன்வினை" என்று ஒரு குழந்தையை மூலையில் ஒதுக்குவோர் நம்மிடையேயும் உண்டு. அக்குழந்தைகளில் பெரும்பாலோரின் குரல்வளை நலமாகவே இருக்கிறது. காது கேளாததால் நாக்கு பேச்சைப் பயிலவில்லை. வினையுமில்லை, சாபமுமில்லை. குழந்தையின் செவியை முதல் மாதங்களிலேயே சோதிக்க வழியுண்டு. கருவியுண்டு, சிகிச்சையுண்டு, சைகைமொழியுண்டு. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்கும் ஒவ்வோராண்டும் அக்குழந்தையின் மொழியிலிருந்து திருடப்படும் ஆண்டு.

தோழர்களே! உங்கள் தெருவில் அப்படியொரு குழந்தை உண்டா? பெற்றோரிடம் செல்லுங்கள், மருத்துவரிடமும் பள்ளியிடமும் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர் சொன்னார், ஏடு சொன்னது என்று எவரேனும் குறுக்கே நின்றால், பணிவோடு ஒன்று கேளுங்கள்: "எண்ணிப் பார்த்தார்களா?"