நல்லவருக்கு மோட்சம் உண்டா?

இயேசுவை ஏற்காத நல்ல மனிதர் இரட்சிக்கப்படுவாரா? இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே பனியன் கம்பெனியில் அருகருகே உட்கார்ந்து தைக்கும் திருப்பூரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இதுவே பெரிய விவாதமானது. கடவுளின் வெளிப்பாடு கிறிஸ்துவில்தான், மற்ற மதங்கள் அடிப்படையில் மனித முயற்சிகள் என்றார் டச்சு அறிஞர் ஹென்ரிக் கிரேமர். அதை மறுத்தவர் ஏ. ஜி. ஹாக். அதே கல்லூரியில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்தவர், டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். பிற மதத்தவரிடமும் உண்மையான விசுவாசம் இருக்கிறது, கடவுள் அதற்குச் செவிசாய்க்கிறார் என்பது ஹாக்கின் வாதம். இத்தனைக்கும் அவரும் ஒரு மிஷனரிதான்!

1950-ல் தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயராகப் பொறுப்பேற்றார் ஏ. ஜே. அப்பாசாமி. திருப்பூரும் அந்தப் பேராயத்தைச் சேர்ந்ததே. கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927-லேயே நூல் எழுதியவர் அவர். கிறிஸ்துவே முழுமை என்று நம்பிய அவர், தமிழ் பக்தி அடியார்களிடம் கற்கவும் தயங்கவில்லை.

1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஒரு கதவைத் திறந்தது. தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனசாட்சிப்படி கடவுளைத் தேடுவோரும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தது.

எல்லாச் சபைகளும் இதை ஏற்கவில்லை. நற்செயலால் மட்டும் யாரும் இரட்சிப்படைய முடியாது, அது கிருபை என்பதே அவர்களின் பதில். சரி, ஆனால் அந்த விதி விசுவாசிக்கும் பொருந்துமே! தன் தகுதியால் பெறாத ஒன்றை வைத்துக்கொண்டு, பக்கத்து மெஷினில் தைப்பவருக்கு அவர் எப்படித் தீர்ப்பு எழுத முடியும்?