கொலஸ்ட்ரால் மாத்திரைக்குள்ள பால் சர்க்கரை எப்படி வந்துச்சு?

"பால் குடிச்சாலே வயித்தால போகுது டாக்டர். இந்த மாத்திரையில லேக்டோஸ்னு போட்டிருக்கு, அதான் நிறுத்திட்டேன்." ஓபியில அடிக்கடி கேக்குற வசனம் இது. சொல்றவருக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வச்சிருந்தா எனக்குப் பகீர்னு இருக்கும். அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல மருந்தோட கதை. ஜப்பான்ல சான்க்யோ கம்பெனியில அகிரா எண்டோன்னு ஒரு விஞ்ஞானி. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறதைத் தடுக்கிற பொருள் பூஞ்சையில இருக்கலாம்னு நினைச்சு, 1971-ல தேட ஆரம்பிச்சார். சுமார் 6,000 வகைகளைச் சோதிச்ச பிறகு 1973-ல ஒண்ணு சிக்குச்சு. எங்கிருந்து? கியோட்டோவுல ஒரு தானியக் கடை அரிசியில பிடிச்ச நீலப்பச்சைப் பூசணத்துல இருந்து! எலிகளுக்குக் கொடுத்தா கொலஸ்ட்ரால் குறையல. வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க. இவர் டீம் முட்டைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, குறைஞ்சது.

ஆனா நாய்களுக்குக் கொடுத்த சோதனையில புற்றுநோய் பயம் வந்து, 1980-ல சான்க்யோ அதைக் கைவிட்டுடுச்சு. அதே குடும்பத்துல மெர்க் கம்பெனி கண்டுபிடிச்ச லோவாஸ்டாட்டின் 1987-ல அமெரிக்க அனுமதி வாங்குச்சு. 1994-ல 4,444 இதய நோயாளிகள்கிட்ட நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு, சிம்வாஸ்டாட்டின் சாவைக் குறைக்குதுன்னு காட்டுன பிறகுதான் டாக்டர்களுக்கே சந்தேகம் தீர்ந்துச்சு.

சரி, இதுல பால் எங்க வந்துச்சு? அடார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம்னா அந்தத் தூளை விரலால எடுக்கக்கூட முடியாது. மாத்திரையா பிடிக்க ஒரு நிரப்பி வேணும். 1843-ல வில்லியம் ப்ராக்டன்ங்கிற ஆங்கிலேய ஓவியர் தூளை அச்சுல அழுத்தி மாத்திரையாக்கக் காப்புரிமை வாங்கினார் (பென்சில் கரியும் அதே காப்புரிமையில வருது!). அச்சு மாத்திரைக்கு லேக்டோஸ் ரொம்பத் தோது. சீஸ் செஞ்சது போக மிஞ்சுற தண்ணியில இருந்து மலிவா கிடைக்கும், கெட்டுப்போகாது, நல்லா அழுந்தும், தண்ணியில கரையும்.

அதுக்காக நிரப்பியை வெறும் மாவுன்னு நினைச்சுடாதீங்க. 1968-ல ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்ல வலிப்பு நோயாளிகள் பலர் தள்ளாடி, வாய் குழறி வந்தாங்க. எல்லாரும் ஃபெனிட்டாயின் சாப்பிடுறவங்க. டோஸ் மாறல. கேப்சூல்ல கால்சியம் சல்பேட் இருந்த இடத்துல லேக்டோஸ் போட்டிருந்தாங்க, அவ்வளவுதான். கால்சியம் சல்பேட் மருந்தைக் கொஞ்சம் பிடிச்சு வச்சிருந்துச்சு. லேக்டோஸ் அப்படிப் பிடிக்காததால மருந்து கூடுதலா ரத்தத்துல ஏறிடுச்சு. நிரப்பி என்னன்னு கேக்குறவரை நான் ஒருநாளும் கிண்டல் பண்ணமாட்டேன். நியாயமான கேள்வி.

பதில் கணக்குல இருக்கு. லிப்பிட்டார் 10 மி.கி. மாத்திரையில லேக்டோஸ் சுமார் 27 மில்லிகிராம், 80 மி.கி.யில சுமார் 218. மத்த பிராண்டுகள்ல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஒரு டம்ளர் பால்ல (200 மில்லி) ஏறக்குறைய 9,000 மில்லிகிராம்! ஒரே வேளையில 12 கிராம் வரைக்கும் பெரும்பாலானவங்களுக்குத் தொந்தரவு இல்ல, இருந்தாலும் லேசாத்தான்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல சொல்லிடுச்சு. பெரிய மாத்திரை எட்டை ஒண்ணா முழுங்கினாலும் லேக்டோஸ் 2 கிராமைத் தொடாது (முழுங்கிடாதீங்க!).

அப்போ டப்பாவுக்குள்ள இருக்கிற சீட்டுல ஏன் எச்சரிக்கை? அது காலக்டோஸ் ஒத்துக்காத, பிறவியிலேயே லேக்டேஸ் நொதி சுத்தமா இல்லாத அரிய பரம்பரை நோய்க்காரங்களுக்கு. அவங்களுக்குப் பெரும்பாலும் குழந்தையிலேயே தெரிஞ்சிருக்கும். டீ குடிச்சா வயிறு உப்புற நம்ம ஆளுங்களுக்கு இல்ல.

மாத்திரை ஆரம்பிச்ச பிறகு உண்மையிலேயே வயிறு படுத்துதா? மருந்தே காரணமா இருக்கலாம், கூடவே போடுற மெட்ஃபார்மினா இருக்கலாம். சீட்டை எடுத்துட்டு வாங்க, லேக்டோஸ் இல்லாத பிராண்டோ வேற ஸ்டாட்டினோ பார்த்து மாத்தித் தர்றோம். அதுவரைக்கும் ராத்திரி மாத்திரையை விடாதீங்க.