முடக்குவாதமும் எக்ஸ் கதிரும்

1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ் கதிரால் படமெடுத்தார். விரலெலும்புகளும், விரலில் அணிந்திருந்த மோதிரமும் அதில் தெளிவாகத் தெரிந்தன. புகழ்பெற்ற அப்படம் ஒரு கையின் படமாக அமைந்தது தற்செயலே. ஆயினும் முடக்குவாதத்தைப் பற்றிப் பேசுங்கால் அதனை நாம் நினையாதிருக்க இயலாது. இந்நோய் பெரும்பாலும் தன் வேலையைத் தொடங்குவது கைகால்களின் சிறு மூட்டுகளிலேதான்.

முதுமையில் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. வீங்கிய சவ்வு எலும்பின் ஓரத்தை அரிக்கிறது. 1800-இல் பாரிஸ் நகரத்து லாந்த்ரே போவே இந்நோயை விவரித்தார். இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1859-இல் லண்டன் மருத்துவர் காராட் சூட்டினார். அவர்கள் காலத்தில் அரிப்பை உள்ளே கண்டறிய வழியில்லை. விரல் கோணிய பின்னரே அதன் கொடுமை வெளிப்பட்டது.

எக்ஸ் கதிர்ப் படத்தில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுத்த இடைவெளி ஒன்று தெரியும். அது வெற்றிடமன்று, படத்தில் விழாத குருத்தெலும்பு அங்கே இருக்கிறது. இடைவெளி குறுகினால் குருத்தெலும்பு அழிந்ததென்று பொருள். எலும்பின் விளிம்பில் பள்ளம் விழுந்தால் அரிப்பென்று பொருள். இவ்விரண்டையும் மூட்டு மூட்டாக எண்ணி மதிப்பெண் இடும் முறையை 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஷார்ப்பும் அவர்தம் தோழர்களும் வெளியிட்டனர். பாதங்களையும் சேர்த்து அம்முறையை விரித்தவர் நெதர்லாந்தின் வான் டெர் ஹைடே. அவர் 1989-இல் வகுத்த கணக்கில் உச்ச மதிப்பெண் 448. கையில் ஒன்றும் தெரியாதபோதே பாதத்தில் அரிப்புத் தென்படுவதுண்டு.

ஒரே படத்தைக் கொண்டு நோயின் வேகத்தை அளக்க முடியாது. சென்ற ஆண்டின் படம் அருகில் இருக்கவேண்டும். உத்தியோக நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர், பாத்திரம் பண்டங்களைப் பத்திரமாகக் கட்டிவிட்டுப் பழைய படங்களைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம்!

எக்ஸ் கதிருக்கு ஒரு குறையுண்டு: நடந்து முடிந்த சேதத்தையே அது காட்டும். அரித்த எலும்பு பெரும்பாலும் பழையபடி வளர்வதில்லையாதலின் முதற் சில மாதங்களே விலைமதிப்பற்றவை. இக்குறையைத் தீர்க்கப் பின்னர் இரு கருவிகள் துணைக்கு வந்தன. அல்ட்ராசவுண்டு, செவிக்கெட்டாத ஒலியலைகளால் சவ்வின் வீக்கத்தையும் அங்கே பாயும் குருதியையும் காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எலும்பின் உட்புறத்து அழற்சியையே காட்டுகிறது. அவ்வழற்சி கண்ட இடத்தில் பிற்பாடு அரிப்பு நேரும் வாய்ப்பு மிகுதி.

அவ்வாறாயின் ஒவ்வொரு முறையும் கருவியைக் கொண்டே மருந்தை முடிவு செய்யலாமே என்று தோன்றும். நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் இதனைச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய் தொடங்கிய நிலையிலிருந்தோருள் ஒரு சாராருக்கு, மருத்துவர் மூட்டைத் தொட்டு அழுத்திப் பார்த்து மருந்தைக் கூட்டினார். மறு சாராருக்கு அதனுடன் அல்ட்ராசவுண்டும் பார்க்கப்பட்டது. கருவி பார்க்கப்பட்டவர்களின் மூட்டுகள் குறிப்பிடத்தக்க அளவு மேலான நிலையில் இருக்கவில்லை. இரு சாராரும் அடிக்கடி பரிசோதிக்கப்பட்டனர்; இரு சாராருக்கும் மருந்து தாமதமின்றி மாற்றப்பட்டது.