காண்டர்பரி சத்திரத்தின் 4 பென்ஸ் கணக்கு

காண்டர்பரியில் கையைக் கடிக்காத விலைக்குத் தங்க இடம் தேடுறது 800 வருஷத்துப் பிரச்சினை. 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை அங்கே தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். 1173இல் அவருக்குப் புனிதர் பட்டம். அப்புறம் யாத்ரீகர் கூட்டம்தான். காசுள்ளவர்கள் விடுதிக்குப் போனார்கள். இல்லாதவர்களுக்காக ஸ்டவர் ஆற்றின் மேலேயே ஈஸ்ட்பிரிட்ஜ் ஹாஸ்பிடல் எழுந்தது. பேரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம், நம்ம ஊர் சத்திரம் மாதிரி.

1342இல் பேராயர் ஜான் ஸ்ட்ராட்ஃபோர்ட் அதற்கு விதிகள் எழுதினார். 12 படுக்கை. உடம்பு நல்லா இருந்தால் ஒரே ஒரு ராத்திரி. நோயாளிக்கு முன்னுரிமை. படுக்கைகளைக் கவனிக்க, 40 வயது தாண்டிய, நல்ல பேருள்ள ஒரு பெண். நாளொன்றுக்கு 4 பென்ஸ்.

இந்த 4 பென்ஸை வாடகை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை! சத்திரம் தன் வருமானத்திலிருந்து யாத்ரீகர்களுக்குச் செலவழிக்க வேண்டிய தொகை அது. ஆள் குறைந்த நாளில் மிச்சமானால், கூட்டம் வரும் நாளில் சேர்த்துச் செலவிடணும். நம்ம மொபைல் டேட்டா ரோல்ஓவர் மாதிரி. நிர்வாகி மிச்சத்தைச் சுருட்டிவிடக்கூடாது என்ற முன்யோசனையாகத்தான் எனக்குத் தெரிகிறது.

1538இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் சமாதியை இடித்தார். யாத்திரை நின்றது, சத்திரம் தப்பித்து, ஏழை முதியவர்களின் குடியிருப்பாக மாறியது. யாத்ரீகர்கள் படுத்த அந்தக் கல் வளைவுக் கூடம் இன்னும் இருக்கிறது. பார்க்கலாம், தங்கத்தான் முடியாது.