பட்டிப்பொலவின் ஹொல்லி மரம்

கடுங்குளிரிலும் இலையுதிராததால் ஐரோப்பியர் ஹொல்லியை மங்கலமாகக் கருதி, நத்தார் காலத்தில் இல்லங்களில் தொங்கவிட்டனர். அதற்கு நமது மலையகத்திலும் உறவுண்டு. 'ஐலெக்ஸ் வாக்கரி' என்பது தாவரவியற் பெயர். 1,891 மீற்றர் உயரத்தில், நாட்டின் ஆகவுயர்ந்த புகையிரத நிலையம் அமைந்த பட்டிப்பொலவை அடுத்துள்ள ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளில் இது வளர்கிறது. ஹொல்லி இனத்தில் ஆண், பெண் மரங்கள் வெவ்வேறு, பெண்மரமே காய்க்கும். தென்னமெரிக்கரின் 'மாத்தே' பானமும் இவ்வினத்து இலையே.

கோப்பியும் தேயிலையும் மலைக்காடுகளை விழுங்கிய காலத்தில், 5,000 அடிக்கு மேலுள்ளவற்றை வெட்டாது விடுமாறு 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆங்கிலேய அரசுக்கு ஆலோசனை கூறினார். இம்மரம் எஞ்சியமைக்கு அதுவுமொரு காரணம். 1988இல் சமவெளி தேசியப் பூங்காவானது. எனினும் மரங்கள் நின்றவாறே பட்டுப்போவது ஓயவில்லை. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீரூட்டும் காடல்லவா இது?